சிட் நதியும் நாற்பத்தோராம் புளியமரமும்

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்க அதைத் தேடுகிற வயது நம்முடையது. நேற்று என்ன குழம்பு வைத்தோம் என்று கேட்டால் யோசிப்போம். ஆனால் எண்பத்தேழில் பஸ் ஓடாத அந்த ஒரு வாரம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள் ஒருவர்கூடத் தயங்க மாட்டார். ஒருவர் சின்னசேலம் ரயிலடியில் மாட்டிக்கொண்டு வேர்க்கடலை தின்றே இரண்டு நாளை ஓட்டியிருப்பார். இன்னொருவர் அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் திருநாவலூரிலிருந்து வரப்பு வரப்பாக நடந்து வந்த கதையைச் சொல்வார். என்னைக் கேட்டால், நான் சிட் நதிக்கரையில் இருந்தேன் என்று சொல்வேன்.

சிரிக்க வேண்டாம். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் அப்படி ஒரு ஆறு உண்மையிலேயே இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் ஆறு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மொத்த நீளமே பத்து கிலோமீட்டர்தான். எங்கள் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற தூரத்தைவிடக் கம்மி. அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் ஊற்றெடுத்து, மூன்று ஊர்களைக் கடந்து, கடலுக்கே போய்விடுகிறது. மூன்று ஊர்களுக்கும் அந்த ஆற்றின் பெயர்தான் முதலில் வரும். சிட்பரி, சிட்ஃபோர்டு, சிட்மவுத். எட்டாம் வகுப்பில் எனக்கு இதெல்லாம் மனப்பாடம். நம் மாவட்டத்துத் தாலுக்காக்களைக் கேட்டால் இரண்டு விட்டுப்போகும். இது மட்டும் விட்டுப்போகாது.

எல்லாம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் செய்த வேலை. எங்கிருந்தோ ஒரு பட்டியல் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வெளிநாட்டு முகவரி கொடுத்து, பேனா நண்பருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். வகுப்பே எழுதியது. பதில் வந்தது எனக்கு மட்டும், சிட்மவுத்தில் என் வயதுப் பெண் ஒருத்தியிடமிருந்து. அப்போதிருந்தே எதிர்வீட்டுத் தோழி என்னை ‘லண்டன்காரி’ என்றுதான் கூப்பிடுவாள்.

நான்காவது கடிதத்தில் அந்தப் பெண் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தாள். அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கெட்டியான வரைதாள், நான்காக மடித்தது. பிரித்ததும் ஒரு வாசனை வந்தது. சோப்பும் மெழுகும் கலந்த மாதிரி, நம் கடைகளில் எங்கும் இல்லாத வாசனை. நீல மையில் ஆறு. அதன் முடிவில் கடல். கடலோரத்தில் ஒரு பக்கம் செங்கல் நிறத்தில் பாறைச்சுவர்கள். இன்னொரு பக்கம் போகப்போகப் பாறைகள் வெள்ளையாகிவிடும் என்று அந்த இடத்தில் வண்ணமே பூசாமல் விட்டிருந்தாள். மேற்கே லாட்ரம் என்ற வளைகுடாவில் கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் சிவப்புப் பாறைகள். கிழக்கே பீர் என்று ஒரு மீன்பிடி ஊர்.

“ஊரு பேரே பீரா?” என்றாள் எதிர்வீட்டுத் தோழி. “உங்க மாமாவ அங்க அனுப்பிடலாம்டி. திரும்பியே வரமாட்டாரு.”

ஒவ்வோர் இடத்திலும் சின்னச் சின்ன எழுத்தில் குறிப்புகள் இருந்தன. இங்கே சந்து குறுகல், இரண்டு கார் ஒன்றாகப் போக முடியாது. இங்கே பாலம் பழையது. இது என் மரம், நல்ல மரம் என்று ஒரு வட்டம். அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஃபோர்டு என்று எழுதி, மூன்றாவது வீட்டுக்குச் சிவப்பு அடித்து, ‘நான்’ என்று போட்டிருந்தாள். ஃபோர்டு என்றால் கார் கம்பெனிதானே என்று நாங்கள் குழம்பினோம். அண்ணன் அகராதியைப் புரட்டினான்.

“ஆத்துக்குள்ளயே எறங்கிக் கடக்கற எடமாம் பாப்பா. அவங்க அப்பா காரத் தண்ணியிலயே ஓட்டிக்கினு போவாரு போல.”

“நம்ம தரைப்பாலம் மாதிரியாண்ணா?”

“அதேதான். அங்க வருஷம் பூரா தண்ணி இருக்குது. நமக்கு வருஷம் பூரா பாலம் மட்டும் இருக்குது.”

கடைசியில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் அவள் எழுதியிருந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சில நாள் கடல் கூழாங்கற்களை வாரிக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடுமாம். அப்போது ஆறு நின்றுவிடாது, கற்களுக்கு அடியில் புகுந்து யாருக்கும் தெரியாமல் கடலுக்குப் போய்விடுமாம். அந்தக் கூழாங்கற்களில் ஒன்றையும் கடிதத்துக்குள் வைத்திருந்தாள். தட்டையாக, ஈரலின் நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவு.

நம் கோமுகி ஆறும் கோடையில் அதைத்தானே செய்கிறது? மேலே மணல். கையால் ஓர் அடி தோண்டினால் குளிர்ந்த தண்ணீர் ஊறி வரும். அன்று சாயங்காலம் நானும் தோழியும் ஆற்று மணலில் இறங்கி, சிட் நதியை உண்டாக்கினோம். ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மேட்டிலிருந்து விட்டோம். தண்ணீர் மூன்று ஊர்களையும் கடந்து வந்தது. கடல் என்று நாங்கள் தோண்டி வைத்த குழிக்கு ஒரு சாண் முன்னால் மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனது. பின்னால் கல்வராயன் மலை ஊதா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. எத்தனை குடம் விட்டாலும் அந்த ஒரு சாணைத் தாண்டவில்லை.

எனக்கு ஒரு பொறாமை இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவள் ஆறு பத்தே கிலோமீட்டரில் தன் பெயரோடு கடலுக்குப் போகிறது. நம் ஆறு மலையிலிருந்து இறங்கி, அணையில் நின்று, மணிமுத்தாவில் கலந்து, அது வெள்ளாற்றில் கலந்து, கடலைப் பார்க்கும்போது கோமுகி என்று ஒரு பெயர் இருந்ததே யாருக்கும் தெரியாது. நானும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

பதிலுக்கு நானும் ஒரு வரைபடம் போட்டேன். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

என் மாமா, அம்மாவின் தம்பி, கள்ளக்குறிச்சி ரோட்டுப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சாலையோரத்து மரங்களுக்கு வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து நம்பர் எழுதியிருப்பார்களே, அந்த மரங்கள். மாசி பங்குனியில் புளி உலுக்க எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மொத்தமும் மாமாவோடு போவோம். அதனால் அந்த ரோடு எங்களுக்கு ஊர்களாகத் தெரியாது, நம்பர்களாகத்தான் தெரியும். பத்தொன்பதில் கட்டெறும்பு. இருபத்தாறு பொந்து மரம், கிளி இருக்கும். முப்பத்தெட்டின் நிழலில் சோறு தின்போம். நாற்பத்தொன்று தரைப்பாலத்தை ஒட்டி நிற்கும். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அந்த மரத்துப் புளி மட்டும் புளிக்காது, தேன்புளி. மாமா அதைக் குத்தகைக் கணக்கில் சேர்க்காமல் எங்களுக்கென்று விட்டுவிடுவார்.

அவள் எப்படிப் போட்டாளோ அப்படியே நானும் போட்டேன். மலை, அணை, ஆறு, ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் நம்பர். எனக்குப் பிடித்த ஏழு மரங்களுக்கு வட்டம் போட்டு, ‘நல்ல மரம், பெரியது’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் சந்து குறுகல் என்று எழுதியிருந்தாள் அல்லவா, நானும் ‘இங்கே ரோடு குறுகல், இரண்டு பஸ் போக முடியாது’ என்று எழுதினேன். அவள் பாலம் பழையது என்றாள். நானும் ‘இந்தப் பாலம் பழையது’ என்றேன். தாளின் வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் நீல வண்ணம் அடித்துக் கடல் என்று போட்டுவிட்டேன்.

கூட ஒரு கடிதம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் ஆங்கிலமாக்கினான். அவன் அப்போது கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, ஒரு கவர்ன்மெண்ட் வேலைக்காகக் காத்திருந்தான். பத்தொன்பது வயது. இன்ஸ்டிட்யூட் மிஷினிலேயே கடிதத்தையும் உறைமேல் முகவரியையும் அழகாக அடித்துக் கொண்டுவந்தான். எங்கள் ஊர் தபாலாபீசில் வெளிநாட்டுக் கவர் என்றால் தடுமாறுவார்கள், அதனால் கள்ளக்குறிச்சியில்தான் போட வேண்டும்.

அன்று காலை அவன் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவதாகவே இல்லை. ரோட்டை மறிக்கப் போகிறார்கள் என்று இரண்டு நாளாகவே பேச்சு. படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனங்களுக்கு உரிய பங்கைக் கேட்டு நடந்த போராட்டம் அது. எங்கள் தெருவிலேயே பாதி ஆண்கள் வீட்டில் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பிறந்தநாள் பதினைந்து நாளில் வருகிறது. அதற்குள் என் வரைபடம் அவள் கையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

“இன்னிக்கே போடணும்ணா.”

“நாளைக்குப் போட்டா இன்னா? பஸ்ஸு வேற ஓடாதுன்றாங்க.”

“சைக்கிள்ல போண்ணா. மறிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடலாம். இன்னிக்கே.”

அவன் சிரித்துக்கொண்டே கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான். நான் வாசல்வரை ஓடிப்போய் இன்னொரு முறை ‘இன்னிக்கே’ என்று கத்தினேன். அவன் திரும்பாமலே கையை ஆட்டினான்.

மத்தியானத்துக்குள் ரோட்டை மறிக்க மரங்களை வெட்டிச் சாய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் பால்காரர் வந்து அப்பாவிடம் சொன்னார்: “உங்க பையன போலீஸ் ஏத்திக்கினு போயிட்டாங்க. கல்யாண மண்டபத்துல வச்சிகீறாங்களாம்.”

அப்பாவுக்கு வந்தது கவலை அல்ல, கோபம். “கூட்டத்தோட சேந்துட்டான். கேஸு விழுந்தா கவர்ன்மெண்ட் வேலையே கெடையாதுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். அவன் எதற்காகப் போனான் என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எழுந்தபோது அடுப்பில் காகிதம் எரியும் வாசனை. போலீஸ் வீட்டைச் சோதிக்க வந்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குப் பயம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் ஆபத்து என்று, அண்ணனின் டைப்ரைட்டிங் பயிற்சித் தாள்கள், வேலைக்கு எழுதிப்போட்ட மனுக்களின் நகல்கள், அதோடு என் அலமாரித் தட்டில் இருந்த நான்கு கடிதங்கள், உறைகள், எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துவிட்டார். நான் ஓடிப்போனபோது சிவப்பு நீலக் கோடு போட்ட உறையின் ஓரம் மட்டும் சுருண்டுகொண்டிருந்தது.

“இன்னாத்துக்கு அழுவற? உங்க அண்ணன விடவா உனுக்கு இந்தக் காயிதம் பெரிசு?” என்றார் அம்மா. அம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

சாம்பலைக் கிளறினேன். கூழாங்கல் கிடைத்தது. கறுத்து, சுட்டது. வரைபடம் மட்டும் தப்பியது. அதை நான் என் தகரப் பெட்டியின் அடியில், விரித்திருந்த தாளுக்குக் கீழே மறைத்து வைத்திருந்தேன்.

மாமா காலையிலேயே குறுக்கு வழியாக நடந்து மண்டபத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று கத்தினார்.

“வெட்டறவங்களுக்கு என் மரத்த காட்டிக் குடுத்துட்டான்க்கா. நம்பர் போட்டு, வட்டம் போட்டு, எது பெரிசு, எங்க ரோடு குறுகல், எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துகீறான். வட்டம் போட்டதுல அஞ்சு மரம் விழுந்துடுச்சி. அதிகாரி அவன் சட்டைக்குள்ள இருந்து எடுத்த படத்த என் கையில குடுத்து, இது இன்னா நம்பர்னு கேட்டாரு. நான் சொன்னேன், எங்க மரம்தான் சார், இந்த நம்பரு எங்க வூட்டுப் புள்ளைங்களத் தவிர யாருக்கும் இவ்ளோ சுத்தமா தெரியாதுன்னு.”

“அப்படியா சொன்ன?” என்றார் அம்மா.

“உண்மையத்தானே சொன்னேன்.”

குத்தகைக்காரரின் பெருமையில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் அண்ணனின் தலையில் வழக்கை ஏற்றிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது. மரம் வெட்டப் போனவர்களும் பெரிய மரமாக, பாலத்துக்குப் பக்கமாக, ரோடு குறுகலான இடமாகத்தான் பார்த்திருப்பார்கள். எனக்கும் பெரிய மரம்தான் பிடித்திருந்தது. நானும் அவர்களும் ஒரே மரங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை யார் நம்புவார்கள்?

“அத நான் போட்டேன் மாமா” என்றேன்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. பெட்டியிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து விரித்துக் காட்டினேன். மாமா அதை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. ஆனால் வட்டம் புரிந்தது, மரம் புரிந்தது.

“இது எந்த ரோடு?”

“இது வேற ஊரு மாமா. கடலு பக்கத்துல.”

மாமா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். “காலைல கெளம்பு” என்றார்.

சைக்கிளில் என்னை முன்னால் பாரில் உட்கார வைத்துக்கொண்டு போனார். ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, இறங்க வேண்டியிருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே முதல் மரம் கிடந்தது. நம் ரோட்டை அத்தனை அமைதியாக நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு ஹாரன் இல்லை. பச்சை மரம் அறுபட்ட வாசனை, அதோடு நசுங்கின இலையின் புளிப்பு. மூக்கைத் தொட்டதும் வாயில் எச்சில் ஊறியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குவார். நான் பின்னால் கிளைகளுக்குள் புகுந்து வருவேன். படுத்துக் கிடந்த மரங்களில் நம்பர் பக்கவாட்டில் இருந்தது. படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும். மாமா சாய்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

“பத்தொம்போது... இருவத்தாறு. கிளி எங்க போச்சோ... முப்பத்தெட்டு.”

ஒவ்வொன்றும் நான் வட்டம் போட்ட மரம். தரைப்பாலம் வந்தது. நாற்பத்தொன்று பாலத்தின் முழு அகலத்துக்கும் படுத்திருந்தது. அதன்மேல் சைக்கிளைத் தூக்க முடியாது. மாமா சைக்கிளை ஆற்று மணலில் இறக்கி உருட்டினார். அக்கரை ஏறியதும் நின்று திரும்பிப் பார்த்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

“நீ அழுவாத” என்றார். “வெட்டுனவன்கூட நம்ம தெருவு ஆளுதான். அவன் புள்ளைக்கும் ஒரு வேல வேணும்னுதானே வெட்டுனான்.”

மண்டபத்தில் முகூர்த்தப் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. வாழைமரம் காய்ந்து தொங்கியது. உள்ளே நூற்றுக்கணக்கில் ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எங்கே என்று கண் தேடுவதற்குள் அதிகாரியின் மேசைமுன் நிறுத்திவிட்டார்கள். வெளியூர்க்காரர். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

“என்னய்யா, நேத்து வந்தவர்தானே? இந்தப் பொண்ணு யாரு?”

“படம் போட்டது இதுதாங்க சார்.”

“சும்மா கதை விடாதீரு. டைப் அடிச்ச இங்கிலீஷ் லெட்டர், வெளிநாட்டு விலாசம், எல்லாம் இந்தப் பொண்ணு வேலையா?”

நான் சிட் நதியை அவர் மேசையில் விரித்தேன். அவசரத்தில் ஓரம் கொஞ்சம் கிழிந்தது. அந்தக் கிழிசல் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது.

“அவ இது அனுப்பினா சார். அதுக்கு பதிலு சார் அது.”

அவர் ஒரு கோப்பைப் பிரித்து என் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலை வைத்துப் படித்தார். அவளுடையதில், சந்து குறுகல், இரண்டு கார் போக முடியாது. என்னுடையதில், ரோடு குறுகல், இரண்டு பஸ் போக முடியாது. அவளுடையதில், பாலம் பழையது. என்னுடையதிலும். அவளுடையதில், நல்ல மரம். என்னுடையதில், நல்ல மரம், பெரியது. விரல் இரண்டு தாள்களுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. பீர் என்ற இடத்தில் நின்றது. ஒரு நொடி உதடு அசைந்தது.

“இங்க கடல் எங்க இருக்கு?” என்றார், என் நீல வண்ணத்தைத் தொட்டு.

“இல்ல சார்.”

“கடலைப் பாத்திருக்கியா?”

“இல்ல சார்.”

“அப்புறம் ஏன் போட்ட?”

“அவ படத்துல இருந்துச்சி சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு யாரையோ கூப்பிட்டு, அண்ணனின் பெயரைச் சொல்லி, விடச் சொன்னார். இரண்டு வரைபடங்களையும் ஒன்றாக வைத்துக் குண்டூசி குத்திக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார்.

“சார், அது...” என்றேன்.

மாமா என் தோளை அழுத்தினார். “வா. கெடச்சதே பெரிசு.”

அண்ணன் வெளியே வந்தான். சட்டையில் பொத்தான் இல்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். விரல்கள் ஒவ்வொன்றும் பூவன் பழம் போல வீங்கியிருந்தன. படம் போட்ட கை எது என்று கேட்டிருக்கிறார்கள். அவன் என் பெயரைச் சொல்லவே இல்லை. தன் கையைத்தான் நீட்டியிருக்கிறான்.

என்னைப் பார்த்ததும் அவன் முதலில் சொன்னது இதுதான்: “லெட்டர போட முடியல பாப்பா.”

அடுப்பில் போனதும் போலீஸ் எடுத்துக்கொண்ட உறையும் போக, அவள் முகவரி அந்த வரைபடத்தின் முதுகில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மேசையில் விரிப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கலாம். எதிலும் அவசரப்படுகிற எனக்கு அது தோன்றவில்லை. அண்ணனுக்கு ஊர்ப் பெயர்வரை நினைவிருந்தது. டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் கடிதம் என்ற பேச்சை எடுக்கவே அப்பா விடவில்லை. அவள் பிறந்தநாள் வந்தது, போனது. கூழாங்கற்களுக்கு அடியில் புகுந்து போகிற மாதிரி ஏதாவது ஒரு வழி கிடைக்கும் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, அப்பாவின் காரியத்துக்கு வந்த பழைய தபால்காரர் பந்தலில் உட்கார்ந்து சொன்னார்: “உனுக்கு சீமையிலருந்து அப்புறம் ரெண்டு லெட்டர் வந்துச்சிம்மா. உங்க அப்பாதான் வேணாம், திருப்பி அனுப்பிடுன்னாரு.” அப்பாவின் மேல் கோபப்பட அந்த நேரம் சரியாக இல்லை. பிறகு எந்த நேரமும் சரியாக அமையவில்லை. பயந்த மனிதர்தான். ஒரு பிள்ளையின் வீங்கின கையைக் கண்டவர். இன்னொரு கடிதத்தை வீட்டுக்குள் விட அவருக்குத் தைரியம் இல்லை.

அண்ணன் அடுத்த பிப்ரவரி டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போகவில்லை. விரல்கள் ஆறின, ஆனால் வேகம் வரவில்லை. வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பிப்பதையும் விட்டுவிட்டான். மாமாவோடு மரக் குத்தகைக்குப் போக ஆரம்பித்தவன், மாமாவுக்குப் பிறகு தானே எடுத்தான். நானோ, அந்தப் போராட்டம் வாங்கித் தந்த ஒதுக்கீட்டில்தான் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் வாங்கினேன். என் கடிதத்தை மறித்த அதே மரங்கள்தான் எனக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தன. அண்ணன் அதற்குள் வேலை தேடுவதையே விட்டிருந்தான். இதை எந்தப் பக்கம் நின்று சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் அவன் காலில் விழுந்தேன். “இன்னாத்துக்குடி இதெல்லாம்” என்று நகர்ந்துவிட்டான்.

போன மாதம் விருப்ப ஓய்வு பெற்றேன். மகள் போனில் உலக வரைபடத்தைத் திறந்து கொடுத்து, “உங்க ஆத்த தேடும்மா” என்றாள். விரலால் நகர்த்திக்கொண்டே போனேன். சிட்பரி, சிட்ஃபோர்டு, சிட்மவுத். சிவப்புப் பாறை, லாட்ரம் வளைகுடா, பீர். எல்லாம் அவள் போட்ட இடத்திலேயே இருந்தன. பெரிதாக்கினேன். ஆற்றுக்குள் ரோடு இறங்கி ஏறும் இடம், பக்கத்தில் ஒரு மரத்தின் தலை, வரிசையாகக் கூரைகள். மூன்றாவது கூரைமேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நம் ரோட்டுக்கு வந்தேன். மேலிருந்து பார்க்க ஒரே சாம்பல் கோடு. அகலப்படுத்தியபோது மிச்ச மரங்களும் போய்விட்டன. இரண்டு பஸ் தாராளமாகப் போகலாம்.

வரைதாள் வாங்கினேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். மலை, அணை, ஆறு. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள், நம்பரோடு. ஏழு மரங்களுக்கு வட்டம். வலது ஓரத்தில் இந்த முறை கடலை உண்மையான இடத்தில் போட்டேன், பரங்கிப்பேட்டையில். பார்த்துவிட்டேன் அல்லவா. உறையில், சிட்மவுத், ஆற்றைக் கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது வீட்டில் எப்போதோ சிறுமியாக இருந்தவருக்கு, என்று எழுதினேன். கூழாங்கல்லை அனுப்பவில்லை. அது கறுப்பாகவே என் மேசையில் இருக்கட்டும்.

அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு இப்போது முடி முழுக்க வெள்ளை. உறையை வாங்கித் தூரப் பிடித்துப் படித்தான். வலது கை விரல்கள் இன்னும் முழுசாக மடங்காது, இரண்டு விரலுக்கு நடுவில் செருகிப் பிடிப்பான்.

“போடலியே அன்னிக்கி” என்றான்.

“அதுக்குத்தான் கொண்டாந்தேன்.”

“இன்னிக்கே போடணுமா?”

“அவசரம் இல்லண்ணா. எப்ப முடியுதோ அப்ப போடு.”

அவன் எழுந்து, கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டான். கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடினான். வண்டியைக் கிளப்பி, தெருமுனை திரும்பும்போது, பின்னால் பார்க்காமலே கையை ஆட்டினான்.